எட்டாவது பெயர்

1. சேர்ந்த நாள்

யுத்த காலத்தில் தூத்துக்குடி ரேஷன் ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்த அன்று, ஆபீசர் ஒரு கட்டுக் கார்டுகளை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஊர்ல பாதிப்பேர் கரையில இருப்பான், பாதிப்பேர் கடல்ல இருப்பான். எவன் எங்கன இருக்கான்னு கண்டுபிடிக்குததுதான் வே உம்ம வேலை."

நான் ஆறுமுகநேரிக்காரன். உப்பளத்தைத் தெரியும், பனையைத் தெரியும். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஒரு வாரம் போன பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிகளில் இந்த ஊர் ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். அவர்களுக்குத் தோணியிலேயே சமையல். அதற்கான அரிசி தனி பெர்மிட்டில் போகும். ஆகவே தோணி புறப்பட்டதும் அந்த ஆளின் பெயரை வீட்டுக் கார்டில் நிறுத்திவைக்க வேண்டும். திரும்பி வந்து துறைமுகச் சீட்டைக் காட்டினால் மறுபடி சேர்க்க வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் 'கடலில்' என்று பென்சிலால் எழுதுவோம், வந்ததும் அழிப்பதற்கு வசதியாக. இறந்தவர்களின் பெயருக்கு மட்டும்தான் சிவப்பு மை.

இப்போது அரசாங்க உத்தியோகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கலாம். அப்போது ஒரு பெயர் கார்டில் இருந்தால் ஒரு வயிற்றுக்கு அரிசி. பெயர் போனால் அரிசி போச்சு. ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு செய்கிற பேனா, மாசச் சம்பளக்காரனான என் கையில் இருந்தது. அந்தப் பேனாவை நான் எப்படிப் பிடித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. மெம்பர்

எங்கள் வார்டின் முனிசிபல் கவுன்சிலர் சந்தியாகு. ஊரில் எல்லோருக்கும் அவர் 'மெம்பர்'. என் வயதுதான், முப்பதைத் தாண்டியிருக்கும். வார்டு உணவுக் கமிட்டிக்கு அவரே தலைவர். யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை நீக்குவது என்று கமிட்டி முடிவெடுக்கும், நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

பிற்காலத்தில் அவர் முனிசிபல் சேர்மன் ஆனார், சட்டசபைக்கும் போனார். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பொதுவாழ்க்கை. இன்று மேடையில் பேசுகிறவர்கள், யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்காதவர் என்கிறார்கள். உண்மைதான், வாங்கியதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கை சுத்தத்தை அவர் தாய் வயிற்றிலிருந்தே கொண்டுவந்த மாதிரி பேசுகிறார்கள். அவர் தவறிய இடம் ஒன்று உண்டு. அதில் எனக்குப் பங்கும் உண்டு, பெரிய பங்கு. அந்த இடத்திலிருந்து அவர் எப்படி எழுந்தார் என்பது தெரியாமல் அவரைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். வருஷா வருஷம் புதுக் கார்டு கொடுக்கும்போது, ரேஷன் கடை வாசலில் ஜனங்கள் முன்னால், ஒவ்வொரு கார்டிலும் உள்ள பெயர்களை கிளார்க் உரக்க வாசிக்க வேண்டும். பொய்ப் பெயர் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் அங்கேயே சொல்லிவிடுவான். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்களே, மூட முடியாத அந்த வாயை உபயோகப்படுத்திக்கொள்வோம் என்றார் மெம்பர். மற்ற வார்டுக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் வார்டில் கள்ளப் பெயர்கள் ஒரே வருஷத்தில் காணாமல் போயின.

3. வராத தோணி

ஒரு வாடைக் காற்றுக் காலத்தில் எட்டுப் பேருடன் கொழும்புக்குப் போன தோணி ஒன்று திரும்பி வரவில்லை. கொழும்புக்குப் போய்ச் சேரவுமில்லை. அதை ஓட்டிய தலைமை ஆள், அதாவது தண்டல், மெம்பரின் தம்பி ராயப்பு. கல்யாணமாகாதவர். அண்ணன் வீட்டிலேயே இருந்தவர். அவர்களுடைய அப்பா சூசையும் அந்தக் காலத்தில் பேர்போன தண்டல், வயதாகிக் கரையேறியிருந்தார்.

கடலில் போனவனுக்காக எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதற்கு அந்தக் கரையில் ஒரு கணக்கு இருந்தது. வாடை போய், கச்சான் என்கிற மேல்காற்று அடித்து, மறுபடி வாடை திரும்பும் வரை, அதாவது காற்று ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரை பொறுத்திருப்பார்கள். அதுவரை யாரும் அழமாட்டார்கள். கோயிலில் துக்க மணி அடிக்கச் சொல்லமாட்டார்கள். காற்று ஒரு சுற்று வந்தது. தோணி வரவில்லை. துறைமுக ஆபீசில் அந்தத் தோணியின் பெயரை எடுத்துவிட்டார்கள். தோணி முதலாளியும் எழுத்தில் கொடுத்துவிட்டார். இனி 'கடலில்' என்று பென்சிலால் எழுத முடியாது. எட்டுப் பேரையும் இறந்தவர்களாகக் கருதிப் பெயர் நீக்கலாம் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தம்பி பெயரும் இருந்த அந்தத் தாளில் மெம்பர் கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போட்டுவிட்டு, எட்டையும் அடித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் ஏழு பெயரை அடித்தேன். எட்டாவது கார்டை எடுத்தபோது சூசைத் தண்டல் ஆபீசுக்குள் வந்தார்.

"தம்பி, எம்மவன் பேர்ல சிவப்பு மை பட்டுட்டா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன்.

"படக்கூடாது. மாலத்தீவுல ஒதுங்கி, ரெண்டு வருசம் கழிச்சு வந்து நின்ன ஆளை நான் பாத்திருக்கேன். நீங்க அடிச்சிட்டீங்கன்னா அவன் வாரதுக்கு இடம் இருக்காது."

அவர் கெஞ்சவில்லை. தோணியில் நின்று ஆட்களுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் பேனாவை மூடி வைத்தேன். இனி செல்லாத 'கடலில்' என்ற பென்சில் எழுத்தை மட்டும் அழித்து, கார்டை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டு, ஃபைலில் 'எட்டுப் பெயர்களும் நீக்கப்பட்டன' என்று எழுதினேன். மெம்பர் அதன் கீழ் கையெழுத்திட்டார்.

இரக்கத்தால் செய்தேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யில்லை. ஆனால் மற்ற ஏழு வீடுகளிலும் அப்பா அம்மா இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வந்து இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், ரூல் அப்படி என்று சொல்லி வெளியே அனுப்பியிருப்பேன். வந்தவர் மெம்பரின் அப்பா. என் இரக்கத்துக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

4. கடை வாசலில்

அடுத்த சில மாதங்களில் புதுக் கார்டு கொடுக்கும் நாள் வந்தது. காலையிலேயே கடை வாசலில் நல்ல கூட்டம். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டே வந்தேன். அன்று மெம்பர் கூட்டம் ஒன்றுக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. பழைய கார்டைப் பார்த்து எழுதிய அவர் வீட்டுப் புதுக் கார்டு வரும்போது, அதிலும் ஏறியிருந்த ராயப்பு பெயரை மட்டும் விழுங்கிவிடலாம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

சூசைத் தண்டல் முன் வரிசையில் நின்றார். நான் அந்தக் கார்டை எடுத்து நாலு பெயர் வாசித்து நிறுத்தியதும், "எல்லாப் பேரையும் வாசிங்க தம்பி" என்றார். மகன் பெயரை ஊர் நடுவில் யாராவது உரக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றே அவர் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். "ராயப்பு" என்று வாசித்தேன்.

அந்த வழக்கம் ஏற்பட்டதே ஆட்சேபம் சொல்வதற்காகத்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெம்பர் வீடு. நான் அடுத்த கார்டை எடுத்தேன்.

5. ரோசம்மா

மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் ரோசம்மா வந்து நின்றாள். அதே தோணியில் போன தொம்மை என்பவரின் மனைவி. நான் சிவப்பு மையால் அடித்த ஏழு பெயர்களில் தொம்மையின் பெயரும் ஒன்று. வலை பின்னிக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளார்க்கையா, மெம்பர் வீட்டுக் கார்டுல ராயப்பு பேரு இருக்குல்லா? நேத்து நான் கேட்டது சரிதானே?" என்றாள்.

இருக்கிறது என்றேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, ஆபீஸ் தவறு, சரிசெய்துவிடலாம் என்றெல்லாம் மனசுக்குள் வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"அப்போ சேதி வந்திருக்கு. ராயப்பு இருக்காருன்னா எங்க வீட்டுக்காரரும் இருப்பாக. ஒரே தோணிதான ஐயா. எப்ப வாராகன்னு மட்டும் சொல்லுங்க. அரிசிக்காக வரல, பேரைச் சேக்கச் சொல்லியும் வரல."

எத்தனையோ பேர் என் மேசை முன்னால் நின்று திட்டியிருக்கிறார்கள், சாபம் விட்டிருக்கிறார்கள். அன்று அவள் சிரித்த சிரிப்புக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக முனிசிபல் ஆபீசுக்கு ஓடினேன்.

மெம்பர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு, வெட்கமில்லாமல், தப்பிக்க வழியும் சொன்னேன். தீர்மானம் போட்ட அன்றைய தேதியிலேயே ராயப்பு பெயரை அடித்துவிடுகிறேன். கடையில் வாசித்தது பழைய கார்டு என்று சொல்லிவிடலாம். உங்கள் பெயருக்குப் பங்கம் வராது என்றேன்.

"தேதியை மாத்துனா என் பேரு தப்பிச்சிரும்" என்றார். "அங்கன உக்காந்திருக்க பொண்ணுகிட்ட என்ன வே சொல்லுவீரு?"

பிறகு அவரே சொன்னார்:

"உம்மை மட்டும் சொல்லி என்ன செய்ய? தம்பி பேரு அடிபடலைன்னு எனக்குத் தெரியும் வேலாயுதம். வீட்டுக்கு அவன் பங்கு அரிசியும் வரத் தொடங்கிட்டுல்லா. கார்டை எடுத்துப் பாத்தா அடிக்கச் சொல்லணும். அதனால எடுத்துப் பாக்கல."

இதை அவர் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

6. தண்டல் வீட்டுக் கடமை

மெம்பர் நேரே என் ஆபீசுக்கு வந்தார். ரோசம்மாவிடம், நம் வீட்டுக்கு வா, அப்பாவிடம் கேட்போம் என்று மட்டும் சொன்னார். அவள் ஓட்டமும் நடையுமாக முன்னால் போனாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

எனக்கு அதுவரை தெரியாத ஒன்றை வழியில் மெம்பர் சொன்னார். தோணியில் போனவன் திரும்பமாட்டான் என்றால், அதை அவன் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியவர் தண்டல். வேறு யார் சொன்னாலும் அந்த வீட்டார் ஏற்கமாட்டார்கள். தண்டலே போய்விட்டால், தண்டல் வீட்டிலிருந்து ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். ராயப்பு விஷயத்தில் அந்தக் கடமை சூசைத் தண்டலுடையது. அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. சர்க்கார் சிவப்பு மையால் அடித்த பிறகும் அந்த ஏழு வீட்டிலும் துக்க மணி கேட்காததற்கு அதுதான் காரணம். மைக்கு அந்தக் கரையில் மரியாதை கிடையாது. தண்டல் வாயிலிருந்து வரவேண்டும்.

பெரியவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ரோசம்மா அவர் முன்னால் போய் நின்று, "தண்டல் மாமா, சேதி வந்திருக்காமே" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியாக மகனைப் பார்த்தார். மெம்பர் சொன்னார்: "அப்பா, நீங்க சொல்லுங்க. முடியலைன்னா நான் சொல்லுதேன். நம்ம வீட்டுல இருந்து இன்னைக்கு யாராவது சொல்லணும்."

பெரியவர் கயிற்றைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமில்லை என்று நினைத்திருப்பார்.

"தொம்மை வரமாட்டான் மவளே" என்றார். "எம்மவனும் வரமாட்டான்."

ரோசம்மா கத்தவில்லை. எந்த இடத்தில் வைத்து என்று கேட்டாள். தெரியாது என்றார். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பெரியவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கண்ணீர் வழிந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்த அழுகை. மெம்பர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நானும் அழுதேன், அழ எனக்கு என்ன உரிமை என்ற வெட்கத்தோடு அழுதேன்.

பிறகு பெரியவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மதிய வெயிலில் மற்ற ஆறு வீடுகளுக்கும் நடந்தே போனார். மெம்பர் கூடப் போனார், ஆனால் எந்த வீட்டிலும் அவர் பேசவில்லை. அன்று சாயந்தரம் கோயிலில் எட்டுப் பேருக்கும் துக்க மணி அடித்தது.

7. கடிதம்

அந்த வாரமே மெம்பர் ரேஷன் கடை வாசலில், நான் நின்ற அதே இடத்தில் நின்று பேசினார். ஏழு வீட்டுப் பெயர்களை அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட நான், என் வீட்டுப் பெயரை மட்டும் பார்க்காமல் விட்டேன், தம்பி பெயரில் வாங்கிய அரிசி என் வீட்டு உலையில்தான் கொதித்தது, அதை நானும்தான் சாப்பிட்டேன் என்றார். கமிட்டித் தலைவர் பதவியை விட்டுவிட்டதாகவும் சொன்னார். நடந்ததை எல்லாம் எழுதி மேலிடத்துக்குக் கடிதமும் அனுப்பினார். அதில் என் பெயரும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன். பிறகு தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல். கைக்குழந்தையோடு என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவருடைய நேர்மையைப் பற்றி நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேர்மை அவருக்கு, தண்டனை எனக்கா என்று ஆத்திரமாக இருந்தது.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். செத்த தம்பி பேரில் அரிசி தின்றவன் என்று எதிராளிகள் தெருத்தெருவாகச் சொன்னார்கள். அதை ஊருக்குச் சொன்னதே நான்தானே என்று அவர் ஒரு மேடையில்கூடச் சொன்னதில்லை. கிளார்க் செய்த தவறு என்றும் சொன்னதில்லை. அதற்கடுத்த தேர்தலில் ஜெயித்தார். பிறகு எத்தனையோ வெற்றி, தோல்வி. ஒவ்வொரு தேர்தலிலும் அந்த அரிசிப் பேச்சு தவறாமல் வந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் ஓட்டுக் கேட்டார்.

மாற்றல் முடிந்து பழைய ஆபீசுக்கு நான் திரும்பியபோது, அந்த ஃபைல் என் கைக்கு வந்தது. மெம்பரின் கடிதத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். 'இது கவுன்சிலர் வீடு என்பதால்தான் கிளார்க் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என் பதவி. ஆகவே நடவடிக்கை முதலில் என் மேல் எடுக்கப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தார். என்னைக் காப்பாற்றக் கேட்டிருந்தார், பொய் சொல்லாமல் எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவு. அன்று சாயந்தரம் அவர் வீட்டுக்குப் போனேன். இருவரும் காப்பி குடித்தோம். கடிதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

8. நான் கற்றது

உத்தியோகத்தில் இருக்கிறவன் தெரிந்த முகத்துக்கு விதியைத் தளர்த்தும்போது, அதை இரக்கம் என்று சொல்லிக்கொள்கிறான். அதன் பாரம் தெரியாத முகம் ஒன்றின் மேல் போய் விழுகிறது. விழுவது அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்தது, ரோசம்மா நேரில் வந்து நின்றதால். இளைஞர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

திரும்பி வந்த வருஷம் ரோசம்மா தன் பெண்ணின் பள்ளிக்கூட விஷயமாக ஒரு சர்ட்டிபிகேட் கேட்டு வந்தாள். எழுதிக் கொடுக்கும்போது, அன்று நடந்ததற்கு என்னை மன்னித்துவிடம்மா என்றேன். மெம்பர் வீட்டு அரிசியைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று எண்ணினாள் போலிருக்கிறது.

"அரிசி கிடக்கட்டும் ஐயா" என்றாள். "அன்னைக்கு கடை வாசல்ல நீங்க அந்தப் பேரை வாசிச்சதுல இருந்து மறுநா மதியம் வரைக்கும் அவுக உசிரோட இருந்தாக. பிள்ளைகளுக்குத் தலை சீவி, அப்பா வாராகன்னு சொல்லி வச்சிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். மத்த வீட்டு ஆம்பளைங்க ஒரு தடவைதான் போனாக. எங்க வீட்டுல ரெண்டு தடவ."

கோபமாகச் சொல்லவில்லை. நான் சர்ட்டிபிகேட்டில் முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.